காத்திருக்கவும்

கம்ப்யூட்டர் வாயைத் திறப்பதற்குள் பொங்கியண்ணன் மனக்கணக்கிலேயே விடையைச் சொல்லிவிட்டார். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர். இத்தனை மீட்டர் துணிக்கு எவ்வளவு நூல் வேண்டுமென்று பிரவுசரில் கணக்குப்போடும் பக்கத்தை அவருக்காகத்தான் லோகப்பிரியாவும் சீனிவாசலுவும் காந்திபுரத்து ஆபீசில் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், இருவருக்கும் அதுதான் முதல் வெப் வேலை.

"நாளைக்கு வாரேனுங்க அம்மணி. அப்பவும் இப்பிடியே நின்னுச்சுன்னா எனக்குக் காயிதமே போதுமுங்க," என்று சிரித்தபடியே போய்விட்டார்.

கணக்கு சீனிவாசலு எழுதியது. திரையில் தெரிவதெல்லாம் லோகப்பிரியாவுடையது.

"உங்க கணக்குதானுங்க இழுக்குது," என்றாள்.

"அளந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க."

கணக்கு தொடங்கும்போதும் முடியும்போதும் மணியைக் குறித்துக் கழிக்கும்படி இரண்டு வரி சேர்த்தாள். பூஜ்யம். மறுபடி பூஜ்யம். மூன்றாம் தடவை ஐம்பத்தைந்து மில்லிசெகண்ட். துள்ளிக்குதித்தாள். அடுத்த தடவை மறுபடியும் பூஜ்யம். கம்ப்யூட்டரின் கடிகாரமே ஐம்பத்தைந்து மில்லிசெகண்டுக்கு ஒரு எட்டு வைத்துத்தான் நடந்தது; அதற்குள் முடிவதெல்லாம் அதற்குப் பூஜ்யம்.

வழி சொன்னதும் சீனிவாசலுவேதான். "ஒத்த இழைய எடை போட முடியுமாங்க? நூறு இழைய ஒண்ணா வெச்சுத்தானே போடறாங்க. ஆயிரம் வாட்டி ஓட்டிப்போட்டு வகுத்துப் பாருங்க." சொல்லிவிட்டு டீ வாங்கப் போனான்.

அவன் கணக்குக்கு ஆயிரம் தடவைக்கும் சேர்த்தே நாலு செகண்ட்தான். தன் பகுதியை அளந்தாள். ஒரே தடவைக்கு ஒன்பது செகண்ட்! ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்ததில் பிடிபட்டது. விடையோடு திரையில் வரும் அட்டவணையின் நானூறு வரிக்கும் நானூறு தடவை, திரையின் அடியில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தாள். அழகாக இருக்குமென்று அவளே ஆசையாகச் சேர்த்தது. அதை எடுத்ததும் அரை செகண்டில் முடிந்தது.

அவன் வருவதற்குள் அந்த வரியைத் தடமில்லாமல் அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விரல்கூட அதற்குப் போயிற்று. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பினாள்.

"ஏனுங்க, காத்திருங்கன்னு சொல்லிச் சொல்லியே நாந்தான் காக்க வெச்சுப்போட்டேன்."

சீனிவாசலு சிரித்த சிரிப்பில் பாதி டீ தரைக்குப் போயிற்று.

மறுநாள் பொங்கியண்ணன் மவுசை அழுத்தி விரலை எடுப்பதற்குள் திரையில் விடை வந்து நின்றது. மனதுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"அம்மணி, எங்கூர்லருந்து இங்க வரைக்கும் ஒரே துணியா நெய்ஞ்சா எத்தன நூலுங்க?"

லோகப்பிரியா இருபத்தையாயிரம் மீட்டர் என்று தட்டினாள். அவள் கண்முன்னே அவினாசி ரோடு நெடுக வெள்ளைத்துணி விரிந்துகொண்டே வந்தது. பஸ்களெல்லாம் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டன.

"அப்பிடியே பல்லடத்துக்கும் ஒண்ணு போடுங்க," என்றார் அவர்.