வயிற்றில் ஒரு மருந்து

குறுக்கே நீட்டிய மாமியாரின் கையை நூர்ஜகான் தட்டிவிட்டாள். கூடத்தில், வெள்ளைத் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் அவள் பெற்ற பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். முகம்மது கவுஸுக்கு ஒன்பது வயது. முகத்தை மட்டும் திறந்து வைத்து, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பெற்றவள் மட்டும் பார்க்கக் கூடாதாம்.

“வயித்துப் புள்ளக்காரி மையத்து மொகத்தப் பாக்கக் கூடாதும்மா. மருந்துக்கு ஆவாது” என்றாள் மாமியார் மெஹ்ராஜ் பேகம்.

மருந்து. உண்டான நாளிலிருந்து இந்த வீட்டில் அந்தக் கருவுக்கு அதுதான் பெயர். கவுஸுக்கு உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் சேலத்துக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினார்கள். அவனுக்குப் பொருந்துகிற தம்பியோ தங்கையோ பிறந்தால் அதன் எலும்பு மஜ்ஜையை எடுத்து இவனுக்கு வைக்கலாம் என்றார் சென்னை டாக்டர். கருக்களை உடம்புக்கு வெளியே உண்டாக்கிச் சோதித்து, அவள் புருஷன் கலீலுல்லா தன் கடையில் மாம்பழம் பொறுக்குவது போல ஒன்றைப் பொறுக்கி அவள் வயிற்றில் வைத்தார்கள். மற்றதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அதை எதுக்கும்மா கேக்குறீங்க என்றார்கள்.

அதன்பின் மருந்து மாடி ஏறக் கூடாது, மருந்துக்குப் பப்பாளி ஆகாது. கவுஸே அவள் வயிற்றில் காதை வைத்து, “இன்னாம்மா, மருந்து தூங்குதா?” என்பான். அவளும் சிரித்திருக்கிறாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மருந்து பிறப்பதற்குள் காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

“அவ்ளோ பாடுபட்டு, கடைசீல மருந்து வீணாப் போச்சே” என்று சின்னசேலத்திலிருந்து வந்த நாத்தனார் ஜீனத்துன்னிசா மூக்கைச் சிந்தினாள்.

நூர்ஜகானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எதுடி வீணாப் போச்சு? இன்னொரு தரம் எவளாவது மருந்துன்னா வாயக் கிழிச்சிருவன்.”

“தூக்குற நேரம், நூரு. கத்தாத, உள்ள போ” என்றான் கலீலுல்லா.

“நீங்க பேசாதீங்க. அவனுக்காக இதச் சுமக்கச் சொன்னீங்க, சுமந்தன். இப்ப இதுக்காக அவனப் பாக்காதங்கறீங்க. என் வயிறு இன்னா உங்க பழக்கடையா? இது எதுக்குப் பொறக்கணும்னு நீங்களே சொல்றீங்க, யாரப் பாக்கக் கூடாதுன்னும் நீங்களே சொல்றீங்க. அது எவனுக்கும் மருந்தில்ல. கவுஸோட கூடப் பொறந்தது.”

தூக்க வந்த ஆண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மெஹ்ராஜ் பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏழு மாத வயிற்றோடு சட்டென்று குனிய முடியவில்லை. கலீலுல்லா நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. தரையில் கையூன்றி ஒருக்களித்து உட்கார்ந்து, பெட்டியை ஒட்டி நகர்ந்து, மகனின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். வயிறு பலகையில் முட்டியது.

“பாத்தும்மா, இடிக்குது” என்றாள் மாமியார்.

அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.