ஏழு சிவப்பு

போல்ட் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் என் தம்பிக்கு 'அரைநூல்' என்று பெயர். போல்ட் அரை நூல் பெருத்திருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவான். முதலாளியே வந்து நின்றாலும் தாட்சண்யம் பார்க்க மாட்டான். அதே கம்பெனியில் பேக்கிங் மேசை முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். அவன் திருப்பி அனுப்பிய பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கட்டியதில்தான் என் இரண்டு முட்டியும் தேய்ந்தன என்று அவனைக் கேலி செய்வேன். எனக்கு அவன், அவனுக்கு நான். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

இரண்டு முட்டியையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் சேமிப்பு ஒன்றுக்குத்தான் காணும். "ஒண்ணு போதும்டா. இன்னொண்ணு நொண்டிக்கிட்டே கூட வரட்டும்" என்றேன். தம்பி சிரிக்கவில்லை. பணம் அவன் கணக்கில் இருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் குறித்தாகிவிட்டது.

சனிக்கிழமை காலை முன்பணம் கட்டப் புறப்பட்டு, செருப்பையும் மாட்டிவிட்டேன். அவன் அறையை விட்டு வரவில்லை. கூப்பிட்டதற்கு மூன்றாவது தடவைதான் வந்தான். கையில் போன்.

"அக்கா, பணம் இல்ல."

"எந்தப் பணம்?"

"உன் பணம்."

செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். போனில் சக்கரம் சுற்றும் ஆட்டமாம். சிவப்பில் நிற்கிறதா, கருப்பில் நிற்கிறதா என்று பணம் கட்ட வேண்டுமாம். நாலு மாதமாக விளையாடியிருக்கிறான்.

"ரெண்டு முட்டியையும் சேத்துப் பண்ணிடலாம்னுதான்க்கா" என்றான்.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று என் வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவன் அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன்.

"குருட்டாம்போக்குல ஆடல" என்று சொல்லி நாலு நோட்டைக் கொண்டுவந்து வைத்தான். பிரித்துப் பார்த்தேன். கம்பெனி செக்கிங் ஷீட் போலவே கட்டம் போட்டிருந்தான். நேரம், நிறம், கட்டிய தொகை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வேறு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். என் தம்பி அளந்து அளந்துதான் போட்டிருக்கிறான்.

அவனுடைய கணக்கு எனக்குப் புரிந்தது. கம்பெனியில் மணிக்கு ஐந்து போல்ட் எடுத்து அளப்பான். ஏழு போல்ட் வரிசையாக நடு அளவுக்கு மேலேயே வந்தால் லேத் மெஷினை நிறுத்தச் சொல்வான். அது தற்செயல் இல்லை, உள்ளே ஏதோ இருக்கிறது, அதைத் திருப்பிச் சரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவன் தொழிலின் வேதவாக்கு. அதையே இங்கேயும் வைத்துக்கொண்டான். ஏழு சிவப்பு வரிசையாக வந்தால் சக்கரம் இனி கருப்புக்குத் திரும்பியே ஆக வேண்டும். கருப்பில் கட்டு. வராவிட்டால் இரட்டிப்பாகக் கட்டு.

"லேத்துல ஏழு போல்ட்டும் ஏன்டா பெருசா வருது?"

"வெட்டுற டூல் தேஞ்சிருக்கும்."

"இந்தச் சக்கரத்துல என்னடா தேயுது?"

அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு என் காலைப் பார்த்தான். லேத்தில் முந்தின போல்ட்டின் தடம் இருக்கும். இந்தச் சக்கரத்துக்கு முந்தின சுற்றின் ஞாபகமே கிடையாது. பதினெட்டு வருஷம் போல்ட் அளந்தவனுக்கு அது உறைக்கவில்லை.

"மிச்சம் எதாவது இருக்கா?"

"கொஞ்சம். எடுக்க முடியாது. இதைப் போல நாலு மடங்கு சேந்தாத்தான் வெளிய எடுக்க விடுவான்."

"நோட்டு இப்ப என்ன சொல்லுது?"

"காலையிலேந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் ஏழு சிவப்பு முடிஞ்சிருக்கு. கருப்புதான் வரணும்."

போனை வாங்கி மிச்சம் இருந்த அத்தனையையும் சிவப்பில் வைத்தேன். தோற்றாலும் ஜெயித்தாலும் அவனுக்குப் புத்தி வரட்டும் என்ற கோபம்தான். சக்கரம் சுற்றியது. சிவப்பில் நின்றது.

நோட்டு பொய் என்று அவன் இப்போது ஒத்துக்கொள்வான் என நினைத்து நிமிர்ந்தேன். அவன் கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது.

"அக்கா, உன் கை ராசிக்கா. இன்னொரு தடவை வை. வந்தா எடுத்துடலாம்."

என் விரல் அதற்குள் போன் மேல் இருந்தது. ஒரே ஒரு தடவை. வந்தால் இரண்டு மாத வாடகை தேறும். சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை என்று இப்போதுதான் பாடம் நடத்திய அதே நான், அடுத்ததும் சிவப்புதான் என்று மனசார நம்பினேன். தம்பி மேல் இருந்த கோபமெல்லாம் போய், பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

போனை அவன் கையில் கொடுத்தேன்.

"ஆட்டத்தையே அழிச்சிடுடா."

"உள்ள பணம் இருக்குக்கா."

"இருக்கட்டும். என் கை சும்மா இருக்காது. சீக்கிரம் அழி."

என் குரலைக் கேட்டுத்தான் அவன் அழித்தான் என்று நினைக்கிறேன். பிறகு அவனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து திங்கட்கிழமை வரவில்லை என்று சொன்னான். வேறு தேதி கேட்டார்கள் போலிருக்கிறது. "தெரியலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வருஷம் ஒன்றரை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்ப் பணம் சேர்க்கிறான். முக்கால் முட்டி வந்தாச்சு என்று போன மாதம் அவனைச் சிரிக்க வைத்தேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஏறும்போது பாதிப் படியில் முட்டி பிடித்துக்கொள்ளும், கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பேன். அப்போதெல்லாம் அந்த ஒன்பதாவது சுற்றில் என்ன வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். தம்பியிடம் இதைச் சொன்னதில்லை. அவனும் நினைக்கிறானா என்று கேட்டதில்லை.