தாயம்மாவின் குதிரை படுத்துக்கொண்ட ஆண்டுகள்

1983 ஆடி மாதம், புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், முனியாண்டி கோயில் சுவரில் தாயம்மா வரைந்த வெள்ளைக் குதிரை சாயம் காய்ந்த மூன்றாம் நாள் படுத்துக்கொண்டது. அந்த வாரம் மழை. பால்வெட்டு இரண்டு நாள்தான் நடந்தது. குதிரை நின்றால்தான் சாமி காவலுக்குக் கிளம்பும் என்பதால், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் கோயில் தலைவருமான சன்னாசி நேரில் வந்து பார்த்தார். “சாமிக்குக் குதிர கேட்டா எருமய போட்டு வெச்சிருக்கியே, புள்ள?”

தாயம்மா பால்மரம் வெட்டுபவள். பெயர் சொல்லி அவளிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் காரியம் அந்தச் சுவர்தான். வேலை முடிந்து, வாரம் இரண்டு மாலை பஸ் ஏறி, கோல சிலாங்கூர் ஓவிய வகுப்புக்குப் போனாள். குதிரையை நேரில் பார்த்திராத வாத்தியார் பாலகிருஷ்ணன் காலண்டரைப் பார்த்து, கால்களை அடிக்கோலால் நேராக்கித் தந்தார். 1984இல் அந்தக் குதிரை ஐந்து நாள் நின்றது. மறு ஆண்டு கால்களைத் தடிமனாக்கினாள், நான்கு நாள்.

“இந்தத் தடவையும் படுத்தா சுண்ணாம்பு அடிச்சிருவேன். கிள்ளான்லேர்ந்து வரைய ஆள் வரும். அப்புறம் நீ பிரஷ்ஷத் தொடாத,” என்றார் சன்னாசி 1986இல்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடத் தாமதமானது. முன்வரிசையில், உடன் பால் வெட்டும் வேலம்மா, இடுப்பில் வாளியோடு, ஒரு காலைத் தளர்த்தி நுனிவிரலை மட்டும் ஊன்றியிருந்தாள். சற்று நேரத்தில் கால் மாற்றினாள். வரிசை முழுதும் அப்படித்தான். தாயம்மாவும்தான்.

“என்னாடி, என் காலயே பாத்துக்கிட்டிருக்க?”

“ஒன்னுமில்லக்கா. நில்லு லா.”

அன்று வரைந்த குதிரைக்கு வலப் பின்னங்கால் தளர்ந்து, குளம்பு நுனி மட்டும் தரையில் பட்டது. தலையும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

“நொண்டியா?” என்றார் சன்னாசி.

“நிக்கிது, மண்டோரே.”

அவர் சுண்ணாம்பு வாளியைச் சுவரோரம் வைத்துக் காத்திருந்தார். பத்தாம் நாள் திருவிழா நடந்தது, குதிரை நின்றது. வாளியில் சுண்ணாம்பு இறுகிப்போனது.

அடுத்த மாதம் குதிரை கால் மாற்றி, இடப் பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. 1989இல் கோயிலுக்குப் புதுச்சாயம் பூசியபோது, எந்தக் காலைத் தளர்த்துவது என்று தாயம்மா கேட்டாள்.

“இன்னிக்கு எது வலிக்கிதோ அத,” என்றார் சன்னாசி, கால் மாற்றி நின்றபடி.