பெட்ரோல் நிரம்பிய சைக்கிள்

எங்கள் பார்சல் கம்பெனியின் மென்பொருளை அண்ணன்தான் முதலில் எழுதினான்; இப்போது அதைப் பார்த்துக்கொள்வது நான். வேன் மட்டும் ஓடிய காலம். ‘வண்டி’ என்று ஒரு தாய் கிளாஸை, அதாவது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான அச்சை எழுதி, அதற்குள்ளேயே பெட்ரோல் டேங்கையும் வைத்துவிட்டான். அதிலிருந்து எந்த வண்டி பிறந்தாலும் டேங்க் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பைக் வந்தபோது பிரச்சினை இல்லை. பிறகு சைக்கிள் வந்தது, என் தலையெழுத்து.

சைக்கிளில் பார்சல் கொண்டுபோகச் சேர்ந்த அக்காவுக்குச் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. ஆனால் டேங்கில் பெட்ரோல் பூஜ்யம் என்று மென்பொருள் அவருக்கு ஒரு பார்சலும் தரவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை இல்லை.

டேங்கைத் தாயிடமிருந்து எடுத்துவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். வண்டியை எது ஓட்டுகிறதோ அதைத் தனிப் பாகமாக மாட்டுவோம். வேனுக்கு டேங்க், சைக்கிளுக்குக் கால். கால் களைக்கும், ஓய்வு கேட்கும். அதையும் அந்தப் பாகத்திலேயே எழுதலாம்.

அண்ணன் சிரித்தான். “நல்லா ஓடிட்டு இருக்கறதுல கை வைக்காத. சைக்கிளுக்கு எப்பவும் டேங்க் ஃபுல்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது” என்று கீபோர்டை இழுத்து அவனே அடித்தான். முதலாளி, போதாததற்கு மூத்தவன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் பார்சல் வந்தது, கொட்டோ கொட்டென்று. எவ்வளவு ஓடினாலும் குறையாத டேங்க் அல்லவா? மென்பொருளின் கணக்கில் நீண்ட தூரத்துக்கு அதைவிட நல்ல வண்டி எங்களிடம் இல்லை. வேன் பக்கத்துத் தெருவுக்குப் போனது. அக்கா பாலம் தாண்டி ஊர்க்கோடிக்குப் போனார், திரும்பி வந்ததும் மறுபடி ஊர்க்கோடிக்கு. நான் தினமும் அண்ணனிடம் போய் நின்றேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றே சொன்னான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா பார்சல் பையை என் மேசையில் வைத்தார்.

“உங்க கம்ப்யூட்டருக்கு நான் எப்படிம்மா தெரியறேன்? களைப்பே வராத ஆளாவா?”

உண்மையில் அப்படித்தான். அக்கா மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அண்ணன் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வெளியே வந்து, நீ சொன்ன மாதிரியே செய்துவிடு என்றான்.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து மாட்டினேன். வேனுக்கு டேங்க் போனது, சைக்கிளுக்குக் கால் வந்தது. திங்கட்கிழமை காலை மென்பொருள் சைக்கிளுக்கு ஒரு பார்சலைச் சரியாக ஒதுக்கியது. பக்கத்துத் தெரு, மேடில்லாத வழி. அக்கா வரவில்லை. எடுத்துப் போக ஆளில்லாமல் அது திரையிலேயே நின்றது.