நாற்பத்தொரு துளைகள்

புல் வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். எங்கள் குடியிருப்பின் எண்பது வாசல் புல்லும் ஒருவகையில் என் கைவேலைதான். கத்தி மழுங்கினால் புல்லை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனி மறுநாளே பழுத்துவிடும். கேட்டாலும் இதைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். "வாய்க்கும் ஒரு ஸ்விட்ச் வச்சிருக்கலாம்" என்பாள் என் மனைவி.

எங்கள் வாசல் புல்லில் பாதியை அவள் எடுத்துவிட்டுப் பூச்செடிகள் வைத்தாள். நடுவில் கட்டில் அகலத்துக்கு வெறும் மண்ணை விட்டாள். அதில்தான் சங்கதியே இருந்தது. கூடு கட்டிக் கூட்டமாக வாழாத தேனீக்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனியாக மண்ணில் பென்சில் பருமனுக்குத் துளை போடும். அடியில் ஒரு சின்ன அறை, அதில் பட்டாணி அளவு மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை. ஒரு காலையில் அவள் குந்தி உட்கார்ந்து துளைகளை எண்ணினாள். நாற்பத்தொன்று.

பக்கத்து வீடுகளுக்கு அது நாய் தோண்டிய இடம் மாதிரி இருந்தது. குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் போயிற்று. சங்கச் செயலாளருக்கு எங்கள் தெருவில் 'ஸ்கேல்' என்று பெயர். புல் உயரத்தை அளக்கச் சட்டைப்பையில் ஒன்று வைத்திருப்பார். கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்தில் அவரே ஒரு வழி சொன்னார்.

"ஒரு வருஷம் டைம் தர்றோம் மேடம். பாக்க லட்சணமா வச்சுக்குங்க. அடுத்த வருஷம் பூ பூக்குறப்ப கமிட்டி வந்து பாக்கும். தேனீ இருந்தா அப்படியே இருக்கட்டும். இல்லன்னா மறுபடி புல்லு."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். தேனீ வருவதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இலையுதிரும் மாதத்தில் தங்கையின் பிரசவத்துக்கு அவள் போய்விட்டாள். மழையில் துளைகள் தூர்ந்திருந்தன, களை முளைத்திருந்தது. ஓடாத இயந்திரத்தை நின்றுபோனது என்று எடுத்துக்கொள்கிறவன் நான். தேனீக்கள் காலி செய்துவிட்டன, பூத்தால் திரும்பி வரும் என்று நினைத்தேன். அவள் வருவதற்குள் லட்சணமாக்கிவிடலாம் என்று ஆசை. ஓரமெல்லாம் செங்கல் பதித்தேன். மண்மேல் களை தடுக்கும் கறுப்புத் துணியை விரித்தேன். அருமையான நெசவு அது, தண்ணீரை விடும், வேரை விடாது. கம்பியை வளைத்து முளை அடித்து இழுத்துக் கட்டி, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மரப்பட்டைத் தூளைப் பரப்பினேன்.

வந்தவள் பாராட்டினாள். காலால் தூளைத் தள்ளிப் பார்த்து, "ரொம்பக் கனமா போடலையே? மேல வர வழி வேணும்" என்றாள். இரண்டு விரல்தான் என்றேன். துணியைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பழுது பார்த்த இயந்திரத்தின் உள்ளே இருக்கும் திருகாணியை யாருக்கும் காட்டுவதில்லையே. எது மேலே வர வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கைவேலை நன்றாக அமைந்த சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

மறுவருஷம் பூக்கள் வந்தன. தினமும் காலையில் தேநீரோடு வாசலில் உட்கார்ந்தாள். இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. கமிட்டி வருவதற்கு முந்தின நாள், மண் சூடாகியிருக்கிறதா என்று தூளுக்குள் கைவிட்டாள்.

"என்னங்க இது?"

விளக்கினேன். நெசவு, வேர், தண்ணீர் எல்லாம். முதல்முறையாக இடையில் பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"தண்ணி போகும். சரி. தேனீ?" என்றாள். "காலி பண்ணிட்டுப் போகலீங்க. அம்மாதான் செத்துப்போகும். புள்ளைங்க பதினோரு மாசம் அடியிலயேதான் இருக்கும்."

முளைகளைப் பிடுங்கித் துணியை உரித்தோம். மண்ணுக்கும் துணிக்கும் இடையில் அவை காய்ந்து கிடந்தன. சில, இழைகளுக்கு நடுவில் தலையை நுழைத்திருந்தன. ஈரமண்ணில் நூல் நூலாகத் தடங்கள், விளிம்பைத் தேடிப்போய் நான் நெருக்கிப் பதித்த செங்கல்லில் முடிந்திருந்தன. அவள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள்.

மண்ணைத் திறந்தே வைப்போம், வேறு தேனீ வரும் என்றேன்.

"எங்கேருந்துங்க? எண்பது வாசல்லயும் புல்லு."

மறுநாள் ஸ்கேல் இரண்டு பேரோடு வந்தார். பத்து நிமிடம் பொறுமையாக நின்றார். ஒன்றும் வரலையே மேடம் என்று வருத்தமாகத்தான் சொன்னார். என்னைக் காட்டி, இவர்தான் துணியை விரித்தார் என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தேன். "வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த மண்ணை நானே கொத்திச் சமன் செய்து புல் விதைத்தேன். புதுப் புல்லின் முதல் வெட்டுக்குக் கத்தி மிகக் கூராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேரோடு வந்துவிடும். தீட்டி வெட்டினேன். அவள் தேநீரை இப்போது சமையலறையில் குடிக்கிறாள்.

கட்டில் அகலத்துக்கு அந்த இடத்தில் மட்டும் புல் கொஞ்சம் செழிப்பாக வருகிறது. அந்த மண்ணுக்கு எது உரமானது என்று எனக்குத் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்கிறவன்தான் நான். அவளிடம் சொல்லவில்லை.