பனிக்கும் சேர்த்து

"அதெல்லாம் வேண்டாம், வெட்டிச் செலவு" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். சொன்ன எனக்கே புரையேறியது. அன்று மதியம்தான், வெளிநாட்டில் இருக்கிற மகளைப் பார்க்கப் போகிற ஒரு வயதான தம்பதியை என் எதிரே உட்காரவைத்து, மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறுவது எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று அவர்கள் முகம் வெளிறுகிற வரை பேசியிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடுவேன், விசாவுக்குக் காகிதங்களை அடுக்கிக் கொடுப்பேன், கடைசியில் வந்தவரைப் பயமுறுத்தி இன்சூரன்ஸ் எடுக்கவைப்பேன். குளியலறையில் வழுக்கி விழுந்தவர், பல்வலிக்குக் கைக்கடிகாரத்தை விற்றவர் என்று என்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் நான் உண்டாக்கியவர்கள்.

என் மனைவி கேட்டது சாதாரணக் கேள்வி. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடி லென்ஸ் கம்பெனியில் புதிதாக ஒரு இயந்திரம் வாங்குகிறார்கள். அதை ஓட்டப் பழக, இயந்திரம் செய்கிற ஊருக்கே இவளை மூன்று வாரம் அனுப்புகிறார்கள். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்சூரன்ஸ் மட்டும் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த நாட்டு விசாவுக்கும் அது கட்டாயமில்லை. அதனால்தான் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். வேறு யாரிடம் கேட்பாள்?

"வேண்டாம்னு சொல்ற ஆளுங்களைத்தானே தினமும் வீட்டுக்கு வந்து திட்டுவீங்க?" என்றாள்.

"அது வயசானவங்களுக்கு. நீ நல்லாத்தானே இருக்க. மூணு வாரத்துல என்ன ஆகிடப்போகுது?"

"சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் சரி என்றால் சரியில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக நான் தயாரில்லை. உலகத்தில் எந்த விமான நிலையத்தில் எந்தக் கதவுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எங்கே காத்திருந்தால் படுக்க நீள நாற்காலி கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு விமானத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. "நீங்க எத்தனை நாடு சார் போயிருப்பீங்க?" என்று யாராவது கேட்டால், "எங்க, வேலையே சரியா இருக்கு" என்று அசடு வழிவேன். ஆபீஸில் எங்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு. இவள்தான் இரண்டு மூன்று முறை, எங்கேயாவது போகலாம் என்று ஆசையாகக் கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. இப்போது அவளுக்கு மட்டும் வந்துவிட்டது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால்கூட எனக்கு விட்டுக்கொடுக்கிறவள், என்னைத் தாண்டி வானத்தில் பறக்கப்போகிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அடுத்த நாட்களில் வீடே மாறிப்போனது. கூடத்தில் நட்டநடுவில் ஒரு நீலப்பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதை நான் தாண்டித் தாண்டிப் போனேன், ஒருநாளும் ஓரமாகத் தள்ளிவைக்கவில்லை. அவள் அக்கா தினமும் போன் செய்து என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று பாடம் நடத்தினாள். அந்த அக்கா அடுத்த தெருவைத் தாண்டினாலே வாந்தி எடுப்பவள். நான் ஊர் உலகத்துக்கே வழி சொல்கிறவன், என் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கம்பளிச் சட்டையை எப்படிச் சுருட்டினால் இடம் மிச்சமாகும் என்று எனக்குத் தெரியும். அவள் அதைத் தப்பும் தவறுமாக மடித்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே பேப்பர் படித்தேன்.

ஆபீஸில் பக்கத்து மேசைத் தம்பி வேறு சும்மா இருக்கமாட்டான். "என்னண்ணே, அண்ணிக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சா? இல்ல, சொந்த வீட்ல உங்க பேச்சு எடுபடலையா?" என்றான். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்று சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கணினியைப் பார்த்தபடியே "அடுத்தது யாருங்க?" என்றேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது என் மனைவி. மடியில் கைப்பை, கையில் சொட்டச் சொட்டக் குடை. வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள்.

"என்ன இந்தப் பக்கம்?" என்று குரலைத் தாழ்த்தினேன்.

"வெளிநாடு போறேன் சார். மூணு வாரம். இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு வந்தேன். இங்க ஒருத்தர் நல்லா பயமுறுத்துவாராமே?"

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தம்பி காதைத் தீட்டிக்கொண்டான். வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திரையில் திறந்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்காமலே நிரப்பினேன். அதற்கு மேல் திரையில் இருப்பதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"ஏற்கெனவே உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒரு தொந்தரவு இருக்கு. அதை வீட்லயே விட்டுட்டுத்தான் போறேன்."

தம்பி குனிந்து எதையோ தேடுவதுபோல மேசைக்கு அடியில் சிரித்தான். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். யாரிடம் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பதால் அதை எப்போதும் ஒரே மூச்சில் கேட்டு, பதிலுக்கும் காத்திராமல் தாண்டிவிடுவேன். "மலையேற்றம், பனிச்சறுக்கு, அந்த மாதிரி எதுவும் இல்லையே?"

"இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு?"

"பனிச்சறுக்கு. ஞாயித்துக்கிழமை லீவு. பக்கத்துலயே மலையாம், புதுசா கத்துக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு சரிவு இருக்காம். போகப்போறேன்."

"நீயா?"

"ஏன், நான் சறுக்கமாட்டேனா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க கேட்டீங்க? என்னைக்குக் கிளம்புறேன்னுகூட இன்னும் கேக்கல." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. உண்மைதானே. தேதி எனக்குத் தெரியும், நாட்காட்டியில் அவள் வட்டம் போட்டிருந்தாள். ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அவள் கண் விரியச் சொல்ல ஆரம்பிப்பாள், அதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பனிச்சறுக்குக்குத் தனிக்கட்டம். அதைத் தட்டினால் தொகை கூடும். தட்டினேன். அவள் பணத்தைக் கட்டினாள். "பத்திரம் வர கொஞ்ச நேரமாகும்" என்றேன். "உள்ள புழுக்கமா இருக்கு, வெளிய நிக்கறேன்" என்று எழுந்து போனாள்.

கடைசியாக உறுதி செய்யும் பொத்தான் மட்டும் பாக்கி. அதை அமுக்கவில்லை. சுட்டியை மேலே கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டேன். தொகை சட்டென்று இறங்கியது. மிச்சத்தை அவள் கையில் கொடுத்து, தள்ளுபடி வாங்கினேன் என்று சொன்னால் போகிறது. பத்திரத்தை அவள் படித்துப் பார்க்கமாட்டாள். புருஷன் போட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று மடித்துப் பெட்டியில் வைப்பாள். அந்தச் சரிவில் அவள் விழுந்து காலை உடைத்துக்கொண்டால், இந்தக் காகிதம் சல்லிக்காசுக்குப் பிரயோஜனப்படாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். போய்ச் சறுக்குவாளாம். நான் இங்கே அடுத்தது யாருங்க, அடுத்தது யாருங்க என்று கத்திக்கொண்டிருக்க, மகாராணி அங்கே சறுக்குவாளாம்.

அப்போது கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தேன். மழையில் நனைந்த நடைபாதை பளபளவென்று கிடந்தது. அவள் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டாள். குடையைத் தடி மாதிரி ஊன்றினாள். முழங்காலை மடக்கி, பின்புறத்தைத் தள்ளி, ஒரு காலை முன்னால் இழுத்தாள். செருப்பு வழுக்கியது. குடை பறந்தது. இரண்டு கையையும் காற்றில் துழாவிக்கொண்டு ஆள் அப்படியே சாய்ந்தாள்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்சுவரில் போய் மோதியது. தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது.

விளக்குக் கம்பத்தைப் பிடித்துவிட்டாள். அதைக் கட்டிக்கொண்டு நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பாள்.

"என்னண்ணே ஆச்சு?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்லடா, நீ வேலையைப் பாரு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். கட்டத்தில் மறுபடியும் குறி போட்டேன். குறி விழுந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். விழுந்திருந்தது. பொத்தானை அமுக்கினேன். பொறாமை போய்விட்டதா என்றால், அதெல்லாம் எங்கேயும் போகவில்லை. கூடத்தான் செய்தது. இதுவரை அவள் ஊரைப் பார்க்கப்போகிறாள் என்றுதான் எரிந்தேன். இனி அந்தச் சிரிப்பை, முன்பின் தெரியாத எவனோ ஒரு சறுக்கு வாத்தியார் நின்று பார்க்கப்போகிறானே என்று வேறு எரிய வேண்டும்.

திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே அவள் குடையை எடுத்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி நடந்தாள். மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்தாள், முழங்காலை மடக்கினாள். இந்த முறை இன்னும் கொஞ்சம் தூரம் போனாள்.