பதுங்குகுழியில் ஓர் ஓவிய வகுப்பு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் குடியிருப்பின் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், பள்ளிக்கு ஓவிய வகுப்பு அவசியம் என்று நான் சொன்னதற்குப் பக்கத்து வீட்டு ரெய்யோ சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டான்: "நாளைக்கே குண்டு விழுந்தா வாட்டர்கலர் வெச்சுத் தடுப்பியா?" வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் பதில் தோன்றியது. யாரிடம் போய்ச் சொல்வது? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

'ஓஸ்மோவுக்கு மனிதர்களையே பிடிக்காது. அவன்...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். பேரழிவில் பிழைப்பது எப்படி என்று புத்தகம் எழுதுகிறவனைச் சிடுமூஞ்சியாக்குவது சுலபம். ஓஸ்மோ தன் மகள் பிறந்தபோது பயந்துபோய் முதல் புத்தகத்தை எழுதியவன். பயம் போகவில்லை, புத்தகங்கள்தான் கூடின.)

கிழக்கு ஃபின்லாந்தில் ஒரு சின்ன நகரம். பள்ளியில் ஓவிய வகுப்பை எடுத்துவிட்டு, ஆபத்துக்காலப் பயிற்சி வைக்கலாம் என்று கல்விக் குழுவில் தீர்மானம் வந்தது. குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. உறுப்பினரான ஓஸ்மோ இன்னும் பிடிகொடுக்கவில்லை. தீர்மானம் நிறைவேறினால் ஓவிய ஆசிரியை தைமிக்கு வேலை போய்விடும்.

அவளுடைய வகுப்பறை பள்ளிக்கு அடியிலிருக்கும் பதுங்குகுழி. எங்கள் ஊர்களில் பதுங்குகுழியைச் சும்மா போட்டுவைப்பதில்லை. ஆபத்து என்றால் மூன்று நாளில் காலிசெய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

3

அதற்கான ஒத்திகையை ஓஸ்மோ நடத்தினான். மேசைகள் போயின, களிமண் போயிற்று. சுவரில் ஒட்டியிருந்த படங்களையும் கிழித்தெடுத்தார்கள். காலிசெய்யும் விதி அதைக் கேட்கவேயில்லை. விதி என்று வந்துவிட்டால் நாங்கள் ஒரு படி கூடவே செய்வோம்.

குடும்பங்கள் இறங்கியதும் இரும்புக் கதவை மூடினார்கள். ஓஸ்மோ சாக்பீஸால் தரையில் ஆளுக்கொரு கட்டம் போட்டான். சற்று நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

"உங்க பை எங்க கட்டத்துல இருக்கு."

"காலை நீட்டவும் உங்ககிட்ட கேக்கணுமா?"

குழந்தைகள் சிணுங்கின. ஓஸ்மோ தன் புத்தகத்திலிருந்து ஒழுங்குமுறைகளை உரக்கச் சொன்னான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த சாக்பீஸைக் குடுங்க" என்றாள் தைமி.

"அது இடம் அளக்குறதுக்கு."

"அளந்தாச்சுல்ல?"

வாங்கி, உடைத்து, குழந்தைகளிடம் கொடுத்தாள். ஒரு கட்டத்துக்குக் கூரை வந்தது. பக்கத்துக் கட்டத்துக்கு ஜன்னல். சண்டை போட்ட இரு வீட்டுக்கும் நடுவே யாரோ ஒரு கதவு வரைந்தார்கள்.

(இங்கே விஷவாயு கசிந்து, ஓர் ஓவியம் எல்லாரையும் காப்பாற்றுவதாக எழுதியிருந்தேன். கிழித்துப்போட்டேன். உயிரைக் காப்பாற்றினால்தான் ஓவியத்துக்கு இடம் என்றால், ரெய்யோ ஜெயித்துவிட்டான்.)

"மாமா, உங்க கட்டம் காலியா இருக்கே" என்றாள் ஒரு சிறுமி.

"எனக்கு வரைய வராதும்மா."

"யாரு சொன்னா?"

சின்ன வயதில் யாரோ ஒரு வாத்தியார் சொன்னது. ஓஸ்மோ முட்டிபோட்டு எதையோ கிறுக்கினான்.

"செருப்பா?"

"படகு."

"அப்ப தண்ணி வேணாமா?" அவள் ஏரியை வரையத் தொடங்கினாள். ஒத்திகை முடிந்தது என்று அவன்தான் அறிவிக்க வேண்டும். மறந்துவிட்டான்.

4

முடிவு அ: கூட்டத்தில் ஓவியத்துக்காகக் கை தூக்குகிறான். தைமி அழுகிறாள். (இனிப்பு ஜாஸ்தி.)

முடிவு ஆ: தூக்கவில்லை. அத்தனை வருஷப் பயம் ஒரு மத்தியானத்தில் போய்விடுமா?

முடிவு இ: ஆராய்வதற்குத் துணைக்குழு அமைக்கிறார்கள். (நிஜத்தில் இதுதான் நடக்கும். அதனாலேயே...)

வேண்டாம். "ஓவிய வகுப்பு இருக்கட்டும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க" என்கிறார் குழுத் தலைவி. ஓஸ்மோவின் கை மேசைமேல் இருக்கிறது, விரல்கள் லேசாக அசைகின்றன. அதைத் தூக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். எழுத மாட்டேன்.

உங்கள் பள்ளியில் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நீங்களும்தான். ஓஸ்மோவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். தலைவி இன்னொரு முறை கேட்கப்போகிறார்.